கேள்வி-பதில்: அமெரிக்கர் அணியும் சட்டை எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவுக்கு மலிவு ஆடையை முதலில் அனுப்பியது சீனாதானே?

இல்லை, ஜப்பான். 1950-களில் ஒரு டாலர் பிளவுஸ்கள் வந்து குவிந்தன. அமெரிக்க ஆலைக்காரர்கள் போட்ட கூச்சலில், 1957 முதல் ஜப்பான் தன் ஏற்றுமதிக்குத் தானே வரம்பு கட்டிக்கொண்டது. அப்போது சீனாவுடன் அமெரிக்காவுக்கு வணிகமே கிடையாது. அந்தத் தடை விலகியது 1971-ல்.

கூலி குறைந்த நாட்டுக்கு ஆர்டர் போகிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 1974 முதல் 2004 முடியும் வரை ஆர்டர் எங்கே போவது என்பதைக் கூலியோடு கோட்டாவும், அதாவது ஒவ்வொரு நாடும் எவ்வளவு அனுப்பலாம் என்ற உச்சவரம்பும், சேர்ந்தே தீர்மானித்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹாங்காங், தைவான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து அமெரிக்க ஆடை இறக்குமதியில் பாதிக்கு மேல் வைத்திருந்தன. கோட்டா நிரம்பியதும் கோட்டா இல்லாத இடம் தேடினார்கள். கொரிய நிறுவனமான தேவூ, வங்கதேசத்திலிருந்து சுமார் 130 பேரை வரவழைத்துத் தையல் பழக்கி அனுப்பியது அப்படித்தான். 1985-ல் வங்கதேசத்துக்கும் கோட்டா வந்துவிட்டது.

மெக்சிகோ ஏன் சரிந்தது?

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான 1994 நாஃப்டா வணிக ஒப்பந்தத்தால் வரியும் கோட்டாவும் விலகி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் முதலிடம் பிடித்தது. 2005-ல் எல்லோருக்கும் கோட்டா போனது. அந்தச் சலுகைக்கு இருந்த மதிப்பில் பாதி அன்றே போனது.

வியட்நாம் லேபிள்தான் எங்கும் தெரிகிறது. சீனாவின் கதை முடிந்ததா? பங்கு எத்தனை சதவீதம்?

எதில் சதவீதம்? டாலர் மதிப்பிலா, சதுர மீட்டரில் அளக்கும் துணியின் அளவிலா? இதைச் சொல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! டாலர் மதிப்பில் சீனாவின் பங்கு 2010-ல் 40 சதவீதத்தை நெருங்கியது. 2023-ல் 20 சொச்சம். சதுர மீட்டரில் பார்த்தால் அந்த ஆண்டும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையவில்லை. மலிவான உருப்படிகள் அங்கேயே தங்கிவிட்டன என்று பொருள்.

அடுத்தது லேபிள். நெய்த துணிச் சட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடல் துணி, காலருக்குள் விறைப்புக்கு வைத்த துணி, தையல் நூல், பட்டன் என எல்லாமே சீனாவில் செய்ததாக இருக்கலாம். ஹனோய்க்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வெட்டி, கை இணைத்து, காலர் ஏற்றினால் அது வியட்நாம் சட்டை. 1996 முதல் அமெரிக்கச் சுங்க விதி அப்படித்தான்: தைத்துச் சேர்த்த நாடே உற்பத்தி நாடு. அதற்கு முன் பல ஆடைகளுக்கு வெட்டிய நாட்டையே கணக்கில் எடுத்தார்கள். விதி மாறியதும் தையல் மிஷின் நகராமலே நாட்டின் பெயர் மாறியது. வியட்நாம் இறக்குமதி செய்யும் துணியில் பாதிக்கு மேல் சீனத் துணி. இதை மறந்துவிட்டு ‘சீனா வெளியேறியது’ என்று தலைப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கட்டாய உழைப்பைக் காரணம் காட்டிச் சீனாவின் சிங்சியாங் பகுதிப் பருத்தி உள்ளிட்ட சரக்குகளைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகு, வியட்நாமிலிருந்து வந்த சரக்கையும் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. லேபிளோடு நிற்காமல் பஞ்சு வரை போய்ப் பார்க்கிறார்கள். நீங்களும் பாருங்கள்.

வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா சலுகையை நிறுத்தியதால் வங்கதேச ஆடை ஏற்றுமதி அடிபட்டதா?

2013-ல் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு நிறுத்திய வரிச்சலுகையில் ஆடை பெரும்பாலும் சேர்ந்திருக்கவே இல்லை. வங்கதேச ஆடைக்கு முன்பும் முழு வரி, பின்பும் முழு வரி. கேட்பதற்கு முன் பட்டியலைப் பார்த்திருக்கலாம்.

இந்தியா ஏன் ஆறு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது?

பருத்தியை விட்டு நகரவில்லை. சந்தை செயற்கை இழைக்கு நகர்ந்துவிட்டது.

இணையத்தில் வாங்கி நேரே வீட்டுக்கு வரும் பார்சல்கள் இந்தக் கணக்கில் உண்டா?

நல்ல கேள்வி. 2016 முதல் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு வரி இல்லாமல் இருந்தது. உள்ளே என்ன பொருள் என்ற விரிவான வகைப்பாட்டையும் சுங்கத்துறை கேட்கவில்லை. சீனப் பார்சல்களுக்கு இது நின்றது 2025 மே மாதத்தில், மற்ற நாட்டுப் பார்சல்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில். இடைப்பட்ட ஆண்டுகளில் அப்படி வந்த ஆடைகள் பெரும்பாலும் கணக்கில் ஏறவில்லை. ஆகவே மேலே நான் சொன்ன 20 சொச்சத்தையும் சற்றுக் கூட்டியே வாசியுங்கள்.