8 வயதுப் பிள்ளையின் முன்பல் உடைந்து பல்ப் தெரிகிறது. ரூட் கெனால் செய்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விழுந்ததில் மேல் முன்பல் பாதி உடைந்துவிட்டது, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறது, காற்றுப் பட்டாலே கூசுகிறது என்கிறீர்கள். அந்தச் சிவப்புதான் பல்ப், அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான திசு. கூசுவது பிள்ளைக்குக் கஷ்டம்தான், ஆனால் உள்ளே உயிர் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

குழந்தைகளுக்குப் பல் பார்ப்பவள் நான். இந்த வயதில் பல்ப்பை எப்பாடு பட்டாவது காப்பாற்றச் சொல்வேன். மேல் முன்பல் 7, 8 வயதில் முளைத்துவிடும்; வேர் முழுதாக வளர அதன்பின் சுமார் மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இப்போது எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனி புனல் போல விரிந்து, சுவர் மெலிசாகத் தெரியும். அந்தச் சுவரைத் தடிமனாக்கி நுனியை மூட உயிருள்ள பல்ப்பால்தான் முடியும். அதை எடுத்துவிட்டால் வேர் வளர்ச்சி அதோடு நின்றுபோகும். பிறகு லேசாக அடிபட்டாலும் பல் ஈறோரத்தில் முறியக்கூடும்.

செய்ய வேண்டியது பகுதி பல்பாட்டமி, அதாவது பல்ப்பின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மீதியைக் காப்பாற்றுவது. ஸ்வீடனில் செவெக் என்ற மருத்துவர் 1978இல் இந்த முறையில் 60 பற்களுக்குச் செய்த சிகிச்சையின் முடிவை வெளியிட்டார். 96 சதவீதம் நன்றாக ஆறியிருந்தன. அதில் சில பற்கள் அடிபட்டுப் பல நாள் கழித்து வந்தவை. அதனால் ஓரிரு நாள் தள்ளிப்போனதே என்று மனம் உடைய வேண்டாம். ஆனாலும் சீக்கிரம் போங்கள்.

பல்லை மரத்துப்போகச் செய்து, தண்ணீர் தெளித்தபடியே வைரத்தூள் பதித்த சிறு சுழல் முனையால் (பர்) மேலாக 2 மில்லிமீட்டர் பல்ப்பை மட்டும் எடுப்போம். அப்புறம் ஈரப் பஞ்சை வைத்துக் காத்திருப்போம். எனக்கு மிக முக்கியமான நேரம் இதுதான். சில நிமிடங்களில் ரத்தம் தானாக நின்றால் கீழே இருப்பது ஆரோக்கியமான பல்ப். நிற்காமல் கசிந்தால் இன்னும் கொஞ்சம் ஆழம் போக வேண்டும். நின்ற பிறகு மருந்து வைத்து, கசிவே இல்லாமல் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளால் மூடுவோம். எம்டிஏ நல்ல மருந்து, ஆனால் பல் சாம்பல் நிறமாகிவிடக்கூடும். முன்பல் என்பதால் அதற்குப் பதிலாகப் பயோடென்டின் என்ற மருந்தைக் கேளுங்கள்.

உடைந்த துண்டு கிடைத்திருந்தால் தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிடலாம்.

6 முதல் 8 வாரத்தில் ஒருமுறை, அப்புறம் 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம் என்று காட்ட வேண்டும். வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் குளிர் வைத்துப் பார்க்கும் சோதனையில் பல் உணர்வு காட்டாமல் இருக்கலாம். அதை மட்டும் வைத்து யாராவது ரூட் கெனால் என்றால் சம்மதிக்காதீர்கள். ஈறில் சீழ்க் கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு நிழல், பக்கத்துப் பல்லின் வேர் வளர்ந்தும் இது வளராமல் நிற்பது, இவை தெரிந்தால்தான் பல்ப்பை எடுக்கும் பேச்சு.