மூணு வாரத்துல பால் மறக்கடிச்ச பன்னிக்குட்டி ஏன் கழியுது? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். நான் பெங்களூர்ல ஆனேக்கல் பக்கம் இருக்கேன், பொம்மசந்திராவுல கம்பெனி வேலை, நைட் ஷிஃப்ட். வீட்டுக்குப் பின்னாடி ஆறு யார்க்‌ஷயர் தாய்ப்பன்னி வச்சிருக்கேன். 21 நாள்ல பால் மறக்கடிச்சா வருஷத்துக்கு ஈத்து ஜாஸ்தின்னு ஒரு வீடியோவுல பாத்து போன டிசம்பர்ல அப்படியே பண்ணினேன். 11 குட்டிங்க. அஞ்சாம் நாள் தண்ணி மாதிரி மஞ்சக் கழிச்சல், ரெண்டு செத்துப்போச்சு. அப்புறம் இருந்ததுலயே கொழுகொழுன்னு இருந்த குட்டி கண்ணு வீங்கி தள்ளாடி ராத்திரியோட போயிடுச்சு. தீவனம் ஹோட்டல் சோறு, தவிடு. மெடிக்கல்ல கேட்டு ஊசி எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். எங்க தப்பு பண்ணினேன்?

பதில்: தம்பி, முதல்ல அந்த வீடியோ கணக்கையே போட்டுப் பாத்துடலாம். சினை 114 நாள், பால் குடிக்கறது 21 நாள், திரும்ப பருவத்துக்கு வர ஒரு வாரம், ஆக 142 நாள், அதாவது வருஷத்துக்கு ரெண்டரை ஈத்துக்குக் கொஞ்சம் மேல. பழைய வழக்கப்படி 56 நாள் விட்டா ரெண்டு ஈத்துதான். வீடியோக்காரர் சொன்னது பொய் இல்ல. ஆனா ஒரு ஈத்துல 11-க்கு 3 செத்தா உங்க ஆறு பன்னிக்கும் வருஷத்துக்கு மிஞ்சறது 123 குட்டி, 56 நாள் விட்டு 11-ம் பிழைச்சிருந்தா 136. அவசரப்பட்டு 13 குட்டி நஷ்டம், ஊசிக் காசு தனி. 35 நாள்ல பிரிச்சு ஈத்துக்குப் பத்து குட்டி தேறினாக்கூட 140 வருது பாருங்க. ஹோட்டல் சோறு போடுற இடத்துல 21 நாள் வேண்டவே வேண்டாம், அது நல்ல ஸ்டார்ட்டர் தீவனமும் (பால் மறக்கற குட்டிக்குன்னே இருக்கற முதல் தீவனம்) சூடான கொட்டகையும் வச்சிருக்கறவங்க விளையாட்டு.

இப்ப ஏன் கழிஞ்சதுன்னா, எல்லாரும் கிருமி கிருமின்னு சொல்வாங்க, கிருமி உண்டுதான், இ.கோலை, ஆனா அது எப்பவும் கொட்டகையிலயே கிடக்கறதுதான், நேத்து வந்தது இல்ல. மணிக்கு ஒரு தரம் தாய்கிட்ட சூடாப் பால் குடிச்சிட்டு இருந்த குட்டியைத் திடீர்னு பிரிச்சா பாதி குட்டிங்க ஒரு நாள் பூரா எதையும் தொடாது, சிலது ரெண்டு நாள்கூட. குடலோட உள்பக்கம் துண்டுல நூல் நீட்டிட்டு இருக்குமே அந்த மாதிரி பொசுபொசுன்னு இருக்கும், சத்தை இழுக்கறது அதுதான். வயிறு காலியாக் கிடந்தா அந்த நூல் எல்லாம் குட்டையாப் போயிடும். மூணாம் நாள் பசி தாங்காம குட்டி தவிட்டையும் சோத்தையும் மொத்தமா அடைக்குது, செரிக்கறதுக்கு குடலும் இல்ல, வயித்துல போதுமான புளிப்பும் இல்ல (பால் இருந்தவரைக்கும் அதுல இருந்த லாக்டோஸ்தான், அதாவது பால் சர்க்கரைதான், அந்தப் புளிப்பைக் குடுத்துட்டு இருந்துச்சு), செரிக்காம நிக்கறதுல கிருமி கொண்டாட்டம் போடுது. அதான் சொல்லி வச்ச மாதிரி அஞ்சாம் நாள். போதாததுக்கு தாய்ப்பால் வழியா வந்த எதிர்ப்புச் சக்தி மூணாவது வாரத்துல இறங்கிட்டு இருக்கும், குட்டியோட சொந்தச் சக்தி இன்னும் ஏறியிருக்காது, சரியா அந்தப் பள்ளத்துல கொண்டுபோய் பிரிச்சிருக்கீங்க.

அதனால பிரிச்ச முதல் ரெண்டு நாள் நீங்க பண்ண வேண்டிய ஒரே வேலை, ஒவ்வொரு குட்டியா தூக்கி வயித்தைத் தடவிப் பாக்கறது. சப்பையா இருக்கா, விலா தெரியுதா, அந்தக் குட்டிக்கு வாலுல ஒரு மார்க் போட்டுத் தனியா கவனிங்க. ஸ்டார்ட்டர் தீவனம் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு பங்கு, கூழ் மாதிரி கரைச்சு அகலமான தட்டுல நாலஞ்சு தடவை வைங்க, எல்லாக் குட்டியும் பக்கத்துல பக்கத்துல நின்னு திங்கற மாதிரி. ஒண்ணு தின்னா மத்ததும் திங்கும். மிச்சத்தைப் புளிக்க விடாம அப்பப்ப கழுவிடணும். நைட் ஷிஃப்ட்னு சொல்றீங்க, அப்ப வீட்டுல ஒருத்தர் பாத்துக்கற வாரமா பிரிங்க, இல்லேன்னா லீவு போடுங்க, வேற வழி இல்ல. குட்டி பிறந்த பத்தாம் நாள்ல இருந்தே தாய் கூட இருக்கறப்பவே இந்தத் தீவனத்தை ஒரு கைப்பிடி காட்டிட்டு வரணும், பெருசா திங்காது, ஆனா வாசனை பழகும். புரதம் 20-ல இருந்து 22 சதவீதம் இருக்கணும், கொஞ்சம் பால் பவுடர் இருந்தா ரொம்ப நல்லது. சோயா போட்டா வறுத்துத்தான் போடணும், பச்சை சோயா குட்டிக்கு செரிக்கவே செரிக்காது.

பிரிக்கறப்ப தாயைத்தான் வேற இடத்துக்கு மாத்தணும், குட்டிங்க அதே இடத்துல அதே கூட்டத்தோட இருக்கட்டும். மூணு ஈத்துக் குட்டியை ஒண்ணாக் கலந்தா ரெண்டு நாள் சண்டையிலயே போயிடும். அதே நாள்ல காயடிக்கறது, தடுப்பூசி போடறது எல்லாம் வச்சுக்காதீங்க.

அப்புறம் குளிர். பெங்களூர் வெதர் சூப்பர்னு நாம சொல்றோம், பன்னிக்குட்டி அப்படிச் சொல்லாது. பால் மறந்த மூணு வாரக் குட்டிக்கு 28-ல இருந்து 30 டிகிரி வேணும், டிசம்பர் ராத்திரி இங்க 15, 16. சிமெண்ட் தரையில ஒரு மரப்பலகை, மேல வைக்கோல், ஒரு பல்பு, காத்து அடிக்கிற பக்கம் சாக்குத் திரை, இவ்வளவு போதும். ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்திருந்தா குளிருது, பரவலாப் படுத்திருந்தா சரியா இருக்கு. வாரத்துக்கு ரெண்டு டிகிரி குறைச்சுக்கலாம்.

கொழுத்த குட்டி செத்தது தனிக் கதை. கண் இமை வீங்கி, தள்ளாடி, சட்டுனு போறது எடிமா நோய் மாதிரிதான் தெரியுது, அதுவும் இ.கோலை வகைதான், குடல்ல இருந்துட்டு விஷத்தை ரத்தத்துக்குள்ள அனுப்பும். நல்லா தின்னு வேகமா வளர்ற குட்டியைத்தான் பிடிக்கும், உங்க கவனிப்புல குறைன்னு அழுதுட்டு இருக்காதீங்க. பிரிச்சு ஒரு வாரத்துக்கு அளவாப் போட்டு மெல்ல ஏத்துங்க. அடுத்த தடவை செத்த குட்டியைப் புதைச்சுடாம உடனே கவர்ல கட்டி ஹெப்பாள் வெட்டினரி காலேஜ்க்கு எடுத்துட்டுப் போனா அறுத்துப் பாத்து சொல்லிடுவாங்க. அங்க இருக்கறவங்களுக்குத் தமிழ் வரலேன்னா கன்னடத்துல 'ஹந்தி மரி', அதாவது பன்னிக்குட்டின்னு சொன்னாலே புரிஞ்சுப்பாங்க. போக முடியலேன்னா கால்நடை உதவி எண் 1962-க்கு போன் பண்ணுங்க.

கழிச்சல் வந்தா ஊசிக்கு முன்னாடி தண்ணிதான். சாவறது பெரும்பாலும் நீர் வத்தித்தான். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டர்ல கரைச்சு ஆழமில்லாத தட்டுல எப்பவும் வைங்க, பக்கத்துலயே நல்ல தண்ணியும். தண்ணி குடிக்கற நிப்பிள் குழாய் இருந்தா அமுக்கிப் பாருங்க, நிமிஷத்துக்கு அரை லிட்டராவது வரணும், குட்டியோட தோள் உயரத்துல இருக்கணும். ஆண்டிபயாடிக் எருவை டெஸ்ட் பண்ணி டாக்டர் சொல்றதுதான், மெடிக்கல்காரர் சொல்றது இல்ல.

ஹோட்டல் சோறு பெரிய பன்னிக்கு மட்டும், அதுவும் அரை மணி நேரம் கொதிக்க வச்சு. 2020-ல அஸ்ஸாம்ல நுழைஞ்ச ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சலுக்கு மருந்தே கிடையாது, எச்சில்ல வர்ற பன்னிக்கறித் துண்டு ஒண்ணு போதும். ஹோட்டல் சோத்துல ஊறுகாய் உப்பு வேற இருக்கும், குடிக்கற தண்ணி நின்னுபோச்சுன்னா இழுப்பு வந்துடும்.

கேள்வி: அண்ணா, ஹோஸ்கோட்டேல இருந்து எழுதறேன். எங்க தாய்ப்பன்னி குட்டி போட்ட நாலாம் நாள் செத்துடுச்சு. ஒன்பது குட்டி, பசும்பால்ல சர்க்கரை போட்டுக் குடுக்கறேன், கழியுது.

பதில்: சர்க்கரையை இன்னைக்கே நிறுத்திடும்மா. முதல் வாரத்துல பன்னிக்குட்டிக்கு சர்க்கரை செரிக்காது, கழிச்சலே அதனாலதான் இருக்கும். தண்ணி கலக்காத பசும்பால், உடம்பு சூட்டுக்கு, ரெண்டு மூணு மணிக்கு ஒரு தரம், ஒரு வேளைக்கு 30, 40 மில்லி, ராத்திரியும்தான். பாட்டிலைவிட தட்டுல பழக்கினா உங்களுக்கு வேலை கம்மி. பக்கத்துல யாராவது பன்னி ரெண்டு நாளைக்குள்ள குட்டி போட்டிருந்தா பெரிய குட்டிங்களை அங்க சேத்துடுங்க, முதல்ல அந்தத் தாயோட எருவையோ மூத்திரத்தையோ கொஞ்சம் தடவி விட்டா வாசனை தெரியாம ஏத்துக்கும். இரும்பு ஊசி போட்டாச்சான்னு எழுதல. பால்ல இரும்பு கிடையாது, குட்டிக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் கழுத்துச் சதையில, டாக்டர் வச்சுப் போடுங்க, இல்லேன்னா ரெண்டாவது வாரம் வெளுத்துப்போய் மூச்சு வாங்கும். சூடு இதுங்களுக்கு இன்னும் ஜாஸ்தி, 32-க்குக் குறையக்கூடாது.

கேள்வி: கழிச்சலுக்கு ஜிங்க் ஆக்சைடு தீவனத்துல போடச் சொல்றாங்க, போடலாமா?

பதில்: கேக்கும், அதை மறுக்கல. ஆனா கழிச்சலை நிறுத்தற அளவுக்குப் போடற ஜிங்க் எரு வழியா நிலத்துல சேருது, கிருமியையும் பழக்கி விடுதுன்னு ஐரோப்பிய யூனியன்ல 2022 ஜூன்ல இருந்து நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டுல கொலிஸ்டின்ங்கற ஆண்டிபயாடிக்கைக் கறிக்கு வளர்க்கற மிருகத்துக்குக் குடுக்கக்கூடாதுன்னு 2019-ல தடையே போட்டாச்சு, அதை யாராவது வித்தா வாங்காதீங்க. கூழும் சூடும் சரியா இருந்தும் கழிச்சல் நிக்கலேன்னா டாக்டர் சொல்ற அளவுல ஜிங்க் ரெண்டு வாரம் போடலாம், அதோட நிறுத்திடுங்க, மூட்டையில மிச்சம் இருக்கேன்னு போட்டுட்டே இருக்காதீங்க.