கிரேக்க மண்ணடுக்குகள்: கேள்வி பதில்

கிரேக்கத்தின் மைசீனியில் கிடைத்த தங்க முகமூடி, டிராய்ப் போரில் கிரேக்கரை நடத்தியதாகக் கதை சொல்லும் அகமெம்னானுடையதுதானா?

இல்லை. 1876இல் ஜெர்மானிய அகழ்வாளர் ஹைன்ரிஷ் ஷ்லீமன் அதை எடுத்த கல்லறை கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழங்கிரேக்கர்கள் டிராய்ப் போர் முடிந்ததாகக் கணக்கிட்ட ஆண்டுகளில் பெயர்பெற்றது கி.மு. 1184. இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கிரீட் தீவின் க்னோசாஸ் அரண்மனையின் சிவப்புத் தூண்கள் அந்தக் காலத்தவையா?

இன்று நிற்பவை 20ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். பழைய தூண்கள் மரத்தாலானவை; எரிந்தும் மட்கியும் போயின. 1900இல் அங்கே தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ் பிற்பாடு கான்கிரீட்டில் எழுப்பி வண்ணம் பூசவைத்தார். அடி குறுகி மேலே அகலும் அந்த வடிவத்துக்குச் சுவரோவியங்களில் சான்று உண்டு.

ஷ்லீமன் டிராயைப் பாழாக்கினார் என்கிறார்களே, ஐயா. ஆழமாகத் தோண்டியது அவ்வளவு பெரிய தப்பா?

ஆழம் தப்பில்லை, அடுக்குகளைப் பார்க்காமல் வெட்டியதுதான் தப்பு. ஹோமர் காவியத்தில் பாடிய டிராய் அடியில்தான் இருக்கும் என்று நம்பி மேட்டின் குறுக்கே பெரும் பள்ளம் வெட்டினார். அங்கே ஒன்பது முக்கிய அடுக்குகள். 1873இல் அவர் ‘பிரியாம் அரசனின் புதையல்’ என்று அறிவித்த தங்கம் கீழிருந்து இரண்டாம் அடுக்கின் காலத்தது. போர்க் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. அவர் தேடிய காலத்து அடுக்குகளில் ஒரு பகுதியை அவரே வெட்டி அப்புறப்படுத்திவிட்டார்.

பின்னால் வந்த கட்டமுறையில் தளத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு 5 மீட்டர்ச் சதுரத்திலும் சுற்றிலும் அரை மீட்டர் விட்டு, உள்ளே 4 மீட்டர் மட்டும் தோண்டுவார்கள். அடுத்தடுத்த குழிகளுக்கிடையே ஒரு மீட்டர் மண்சுவர் நிற்கும். அதன் முகத்தில் அடுக்குகளை வாசிக்கலாம். கடைசியாகப் படிந்த மண்ணை முதலில் எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது பழங்குழிகளில். பிற்காலத்தவர் தானியத்துக்கோ குப்பைக்கோ வெட்டிய குழி பழைய தரைகளைத் துளைத்து இறங்கியிருக்கும். அது கண்ணில் படாவிட்டால் புதிய ஓடும் பழைய ஓடும் ஒரே பையில் சேர்ந்து, அந்தத் தரையின் காலமே பொய்யாகிவிடும். மண் பொதபொதவென்றோ நிறம் மாறியோ இருந்தால் நிறுத்துங்கள். காய்ந்த மண்ணில் ஓரம் தெரியாது. லேசாகத் தண்ணீர் தெளித்து, காலையின் சாய்வெயிலில் பாருங்கள். முதலில் குழியின் நிரப்பு மண்ணைக் காலிசெய்து, அதற்குத் தனி எண் கொடுத்து, பிறகுதான் சுற்றியுள்ள தரையைத் தொட வேண்டும். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். ஈரத்தில் பேனா மை கலைந்துவிடும்.

எழுத்தே கிடைக்காத அடுக்குக்கு ஆண்டு எப்படிச் சொல்கிறார்கள்?

பானை ஓடுகளை வைத்துத்தான். உலோகத்தை உருக்கி மறுபடி வார்க்கலாம். உடைந்த பானை விழுந்த இடத்திலேயே கிடக்கும். வடிவமும் வண்ணமும் மாறிவரும் வரிசை எது முந்தியது, எது பிந்தியது என்று காட்டும். ஆண்டை மட்டும், அரசர்களின் ஆண்டுக்கணக்கு எழுதிவைத்த எகிப்திடம் கடன் வாங்க வேண்டும்: கிரீட்டின் பானைகள் எகிப்திலும், எகிப்தியப் பொருள்கள் கிரீட்டிலும் கிடைக்கின்றன. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் செய்ததும் இதே கணக்குதான். காலம் தெரிந்த இத்தாலிய அரிட்டைன் ஓடுகளை (மெருகேற்றிய சிவப்புப் பானை வகை) கொண்டு, கூடக் கிடந்த உள்ளூர் ஓடுகளுக்குக் காலம் குறித்தார். ஆனால் அப்படி வந்த பொருள் தலைமுறை தலைமுறையாகப் பேணியதாகவும் இருக்கலாம். ‘இதற்கு முன் இல்லை’ என்பதற்கு மட்டுமே அது உறுதியான சாட்சி.

அதுக்குத்தான் ரேடியோகார்பன் இருக்கே?

இருக்கிறது. உயிரிகளின் எச்சத்தில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைச் சொல்லும் முறை அது. ஆனால் விடை, எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. உத்தரக் கரியைக் கொடுத்தால் மரத்தின் உள்வளையம் வளர்ந்த காலம் வரும். வீடு கட்டிய காலம் அதைவிட நூறு ஆண்டு பிந்தியிருக்கலாம். கருகிய தானியம் ஓராண்டுப் பயிர், அதுதான் நல்லது. அப்படியும் தீரா (சாண்டோரினி) தீவின் எரிமலை வெடித்த காலம் பற்றிய சண்டை தீரவில்லை. கார்பன் அளவீடுகள் பல கி.மு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைக் காட்ட, எகிப்தோடு பொருத்திய பானைக் கணக்கு 16ஆம் நூற்றாண்டு என்றது. கார்பன் அளவீட்டை ஆண்டாக மாற்ற உதவும் திருத்தக் கோடு அந்தக் காலத்தில் கிட்டத்தட்டத் தட்டையாகப் போவதால் ஒரே அளவீடு பல பத்தாண்டுகளுக்குப் பொருந்திவிடுகிறது.

மைசீனியக் கிரேக்கர்கள் களிமண் பலகைகளில் எழுதிய லீனியர் பி எழுத்து நம் உயிர்மெய் மாதிரியா?

ஓரளவு. ‘க’வுக்கும் ‘கி’க்கும் தனித்தனிக் குறி உண்டு, ஆனால் இரண்டுக்கும் உருவ உறவு கிடையாது. புள்ளியும் இல்லை, அதனால் க்னோசாஸ் என்பதை கோ-நோ-சோ என்று எழுதினார்கள். ka, kha, ga என்ற மூன்று ஒலிகளுக்கும் ஒரே வரிசைதான், அதில் நமக்கு வியப்பிருக்காது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் இதன் புதிரை அவிழ்த்துப் படித்தார். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் அகழ்வாளர் கார்ல் பிளெகன் எடுத்த ஒரு பலகை அதை உறுதிசெய்தது: தி-ரி-போ-தே என்ற சொல்லருகே முக்காலிப் பாத்திரத்தின் படமே இருந்தது. இவை சுடாத களிமண் பலகைகள். அரண்மனை எரிந்த தீயில் வெந்ததால்தான் தப்பின.

அதற்கு முந்தைய கிரீட் எழுத்தான லீனியர் ஏ?

பல குறிகளின் ஒலியை ‘பி’யை வைத்து ஊகிக்கலாம், மொழி தெரியாது. பட்டியல்களின் கடைசியில் கு-ரோ என்று வரும்; பல பலகைகளில் மேலே உள்ள எண்களைக் கூட்டினால் அதன் பக்கத்து எண் வருகிறது. ஆக, அந்த மொழியில் நமக்கு ஓரளவு உறுதியாகத் தெரிந்த மிகச் சில சொற்களில் ‘மொத்தம்’ ஒன்று.