அந்தமானின் வடகோடிக்குப் போகுமுன்: முன்பணம், வானிலை, இரண்டு ராஸ் தீவுகள்

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கூட்டம் இல்லாத தீவுகளில் காட்டையும் பறவைகளையும், முடிந்தால் கடலாமைகளையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. வரும் பிப்ரவரியில் அந்தமானுக்குப் போக எண்ணி ஒரு பயண முகவரை அணுகினோம். ஐந்து இரவு, ஆறு பகல் கொண்ட திட்டம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று. கூடுதல் கட்டணம் செலுத்தினால் "டிக்லிபூர், ராஸ் தீவு" ஒரே நாளில் காட்டப்படும் என்கிறார். எண்பது விழுக்காட்டை முன்பணமாகக் கேட்கிறார். எக்காரணம் கொண்டும் அது திருப்பித் தரப்படாதாம். கொடுக்கலாமா?
தஞ்சாவூர் வாசகர்

பதில்: இந்தத் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எதற்காகப் போகிறீர்களோ, அது இதில் இல்லை. ஹேவ்லாக், நீல் இரண்டும் அழகான தீவுகள்தான். 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு, ஷாகீத் தீவு என்று பெயர் மாற்றப்பட்டவை. ஆனால் அந்தமானுக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் சேருமிடமும் அவையே. கூட்டம் வேண்டாம் என்பவரை அங்கே மூன்று இரவு தங்க வைப்பது, மூலையில் இடம் கேட்டவரைப் பந்தியின் நடுவில் உட்கார வைப்பது போன்றது.

அந்தமானின் வடகோடியில் இருக்கும் டிக்லிபூரை ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது நடக்காத காரியம். 2024 முதல் அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேரிலிருந்து அது சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தொலைவைவிட வழிதான் நேரத்தைத் தின்னும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்களை நிறுத்தி, குறிப்பிட்ட சில நேரங்களில் மட்டும் வரிசையாகக் காவலுடன் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடே அனுப்புவார்கள்; அதைத் தாண்டியதும் மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியோடு படகில் ஏறிப் பாராடாங்குக்குக் கடக்க வேண்டும்; பிறகு ரங்கத், மாயாபந்தர் என்று நீளும் பாதை. பேருந்தில் ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஆகவே அங்கே மூன்று இரவாவது தங்காதவர் டிக்லிபூருக்குப் புறப்படாமல் இருப்பதே மேல்.

"ராஸ் தீவு" என்ற சொல்லிலும் ஒரு பொறி உண்டு. அதில் நானே ஒருமுறை சிக்கியிருக்கிறேன். அந்தமானில் இரண்டு ராஸ் தீவுகள் இருக்கின்றன. ஒன்று போர்ட் பிளேருக்கு எதிரே, சிறிது நேரப் படகுப் பயணத்தில் எட்டுவது. ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடமாக இருந்து இன்று இடிபாடுகளும் மான்களுமாகக் கிடப்பது. 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்றது. மற்றொன்று டிக்லிபூருக்கு அருகே ஏரியல் பே துறையிலிருந்து போகும் ராஸ்–ஸ்மித் இரட்டைத் தீவு. கடல் வற்றும் வேளையில் இரண்டையும் ஒரு வெண்மணல் திட்டு இணைக்கும். நான் பணம் கட்டியது இரண்டாவதைப் பார்க்க. கையில் வந்த வவுச்சரில் "ராஸ் தீவு, படகுக் கட்டணம் உட்பட" என்று மட்டும் இருந்தது. அழைத்துப் போனது முதலாவதற்கு. தகராறு செய்ய இடமில்லை, ஏனெனில் எழுத்துப்படி அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள். அதனால் உங்கள் முகவரிடம் "எந்த ராஸ், எந்தத் துறையிலிருந்து படகு" என்று எழுத்தில் கேளுங்கள். போர்ட் பிளேர் துறை என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

உங்கள் ஆசைக்கு ஒன்பது அல்லது பத்து நாள் வேண்டும். முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கியதும் மாலையில் தெற்கு முனையான சிடியா தாப்புவுக்குப் போய்விடுங்கள். பெயரிலேயே பறவையை வைத்திருக்கும் இடம் அது. மறுநாள் வடக்கே கிளம்பி, வழியில் ரங்கத்திலோ மாயாபந்தரிலோ ஓர் இரவு தங்குங்கள். ரங்கத்துக்கு அருகே தனி நல்லா என்ற இடத்தில் அலையாத்திக் காட்டினூடே மரப்பாலம் ஒன்று கடற்கரை வரை போகிறது. மாயாபந்தர்ப் பக்கம் 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் ஊர்கள் இருக்கின்றன. பிறகு டிக்லிபூரில் மூன்று இரவு. சேடில் பீக் 732 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான சிகரம். ஏற ஒரு வழி மட்டும் சுமார் 8 கிலோமீட்டர். முழங்கால் ஒத்துழைக்காது என்றால் உச்சிக்குப் போக வேண்டாம். அடிவாரத்தில் கடலோரமாகச் செல்லும் முதல் பகுதியே போதும், பறவைகளும் அங்கேதான் அதிகம். ஒன்றை மறக்காதீர்கள்: அங்கேயும் நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் கிழக்கத்திய சூரியன். பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். "காலை உணவுக்குப் பின் ஒன்பது மணிக்குப் புறப்பாடு" என்று எழுதியிருக்கும் திட்டம் பறவை பார்ப்பவருக்குப் பயன்படாது.

ஆமைகளுக்குக் காலிப்பூர்க் கடற்கரை. ஏழுவரி ஆமை, பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை என நான்கு வகையும் முட்டையிட வரும் கரை அது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். நான் போன இரவில் இரண்டு மணி நேரம் மணலில் உட்கார்ந்தும் ஓர் ஆமைகூடக் கரையேறவில்லை. மறுநாள் வனத்துறையின் முட்டைப் பாதுகாப்புக் கூடத்தில், வலையடித்த மணற்பாத்தியில் வரிசையாக நட்ட குச்சிகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் முட்டை எடுத்த தேதியும் எண்ணிக்கையும் எழுதியிருந்தன. ஒரு குச்சியின் கீழே மணல் லேசாக உள்வாங்கியிருந்தது. "குஞ்சுகள் இன்றோ நாளையோ மேலே வந்துவிடும்" என்றார் காவலர். நாளை எனக்கு ஊர் திரும்பும் பேருந்து. அப்போது புரிந்தது, அந்தப் பயணத்தில் நான் வாங்கத் தவறியது ஓர் உபரி நாளை என்று. ஆமையை உறுதியாகக் காட்டுவோம் என்று எழுதித் தருபவரை நம்பாதீர்கள். காத்திருக்க ஒரு நாள் கூடுதலாக வைத்துத் தருபவரிடம் பேசுங்கள்.

இனி பணம். விமானச் சீட்டை நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள்; முகவருக்குக் கொடுக்க வேண்டியது அறை, வண்டி, படகு இவற்றுக்கு மட்டும். அதிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் தர வேண்டாம். மீதியைப் போய்ச் சேர்ந்ததும் ஒரு பகுதி, வடக்கிலிருந்து திரும்பியதும் ஒரு பகுதி என்று கேளுங்கள். ஒப்பாதவர் முன்பணத்தைக் கொண்டு வேறொருவரின் அறைக்கடனை அடைப்பவராகவும் இருக்கலாம். ரசீது கட்டாயம் வாங்குங்கள். ரசீது தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

கேள்வி: சென்ற முறை வானிலை மோசமாகித் தீவுகளுக்கிடையேயான படகு ரத்தானது. அதனால் சென்னை விமானத்தைத் தவறவிட்டோம். இரண்டு நாள் அறை வாடகையும் எங்கள் தலையில் விழுந்தது. படகு நிறுவனம், விமான நிறுவனம், முகவர் மூவருமே கைவிரித்துவிட்டார்கள். மூவரில் யார் பொறுப்பு?
மதுரை வாசகி

பதில்: உங்களுக்குப் பிடிக்காத பதில்தான்: படகு, விமானம் இரண்டையும் தனித்தனியே வாங்கியிருந்தால், விமானத்தைத் தவறவிட்ட நட்டத்துக்கு அநேகமாக ஒருவரும் பொறுப்பில்லை. ஓடாத படகுக்கான கட்டணத்தைப் படகு நிறுவனம் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். விமானம் குறித்த நேரத்தில் பறந்துவிட்டது. உங்களை ஏற்றிச் செல்ல அது தயாராகவே இருந்தது. விமானமே வானிலையால் ரத்தாகியிருந்தால் கதை வேறு: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி முழுப் பணத்தையோ மாற்று விமானத்தையோ கேட்டு வாங்கலாம். தனியாக இழப்பீடு மட்டும் கிடைக்காது. வானிலை அவர்கள் கைமீறிய காரணம்.

முகவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வலு இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே தொகுப்பாக அவரே விற்றிருந்து, தீவிலிருந்து திரும்பும் படகையும் சென்னை விமானத்தையும் ஒரே நாளில் வைத்திருந்தால், அது சேவைக் குறைபாடு என்று வாதாட நியாயம் உண்டு. இத்தொழிலில் இருப்பவர் அப்படித் திட்டமிடக் கூடாது என்பதற்குச் சான்றும் இருக்கிறது: 2016 டிசம்பர் தொடக்கத்தில் புயலில் படகுகள் நின்று ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டுவந்தன. அதற்குப் பிறகும் கடைசி நாளில் படகை வைப்பவருக்குத் தெரியாது என்ற சாக்கு செல்லாது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். பேசித் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முகவரின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். படகு ரத்தானதாகத் துறையில் ஒட்டிய அறிவிப்பின் படம், குறுஞ்செய்தி, கூடுதல் இரவுக்கான அறை ரசீது இவையெல்லாம் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கும் இதே தாள்கள்தான் வேண்டும். ஆனால் எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பணம் தருவார்கள், படகைப் பொதுப் போக்குவரத்தாகக் கணக்கில் கொள்கிறார்களா என்ற இரண்டையும் பாலிசியில் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருங்கள். அந்த ஓர் அறை வாடகையைவிட மலிவான காப்பீடு கிடையாது.

கேள்வி: நார்கொண்டம் இருவாச்சிப் பறவையையும், போகிற வழியில் ஜாரவா மக்களையும் காட்டுவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
கோவை வாசகர்

பதில்: அவரிடம் எதையும் வாங்காதீர்கள். அந்த இருவாச்சி உலகிலேயே நார்கொண்டம் என்ற ஒற்றை எரிமலைத் தீவில் மட்டும் வாழ்வது. சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே இறங்க அனுமதி இல்லை. ஜாரவா மக்களைக் காட்டுவதாக விலை பேசுவது அதனினும் மோசம். காப்பகத்தில் வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே குற்றம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி சிறைக்கும் போக நேரும். காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தச் சாலையையே மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது என்பதையும், இன்றும் அது ஓடிக்கொண்டிருப்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசாமல் கடந்து போவதுதான் நாம் செய்யக்கூடிய குறைந்தபட்சம்.

கேள்வி: அந்தமான் பயணத்துக்காக முதன்முதலாகப் பைனாகுலர் வாங்கப் போகிறேன். கடைக்காரர் 20×50 தான் சக்தி வாய்ந்தது என்கிறார். நான் மூக்குக்கண்ணாடி அணிபவள்.
சேலம் வாசகி

பதில்: 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42இல் அது 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 20×50இல் இரண்டரைதான். அந்தமான் காடு நண்பகலிலும் அரையிருட்டாக இருக்கும். அங்கே அந்தமான் மரங்கொத்தி கரிய உடலோடு கரிய மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு வேண்டியது வெளிச்சம், மடங்கு அல்ல. இருபது மடங்குப் பெருக்கத்தில் கை நடுக்கமும் இருபது மடங்காகும். படகில் அது எதற்கும் உதவாது.

மூக்குக்கண்ணாடி அணிபவர் என்பதால், கண்ணுக்கும் கருவிக்கும் இடையே விடவேண்டிய தொலைவு 15 மில்லிமீட்டருக்குக் குறையாத கருவியைக் கேளுங்கள். குறைந்தால் சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பது போலிருக்கும். நைட்ரஜன் நிரப்பி நீர்புகாமல் அடைத்த கருவி சற்று விலை கூடும். ஏசி அறையிலிருந்து கடற்கரைப் புழுக்கத்துக்கு வந்ததும் உள்ளே பனி படியாமல் இருக்க அந்தக் கூடுதல் விலை தகும். கடைக்கு வெளியே கொண்டுவந்து, தெருக்கோடிப் பெயர்ப்பலகையின் எழுத்து ஓரங்களிலும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சங்கு, பவளத்துண்டுகளை நினைவுக்காக எடுத்து வரலாமா?
நாகர்கோவில் வாசகர்

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த பவளத்துக்கும் விலக்கு இல்லை. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும்போது பிடிபட்டால் விமானமும் போகும், வழக்கும் வரும். சங்குப் பொருள் வேண்டுமானால் உரிமம் பெற்ற கடையில், பொருளின் பெயர் எழுதிய பில்லோடு வாங்கி, அந்தப் பில்லைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.