செயற்கைக்கோள் படத்தை வைத்து ஒரு நிலம் பாலைவனமாகிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் பார்ப்பது செடிகொடிகளைத்தான். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டும் திரும்பி வரும் அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது என்டிவிஐ (NDVI) என்ற பசுமைக் குறியீடு. அடர்ந்த காட்டில் இது 0.8 வரை போகும். வெறும் மண்ணில் 0.1 பக்கம் நிற்கும். வறண்ட பகுதியில் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால், மண்ணின் நிறம் கணக்கைக் கெடுத்துவிடும். அதற்குத் திருத்தம் சேர்த்த சேவி (SAVI) என்ற குறியீடும் உண்டு.

சரி, குறியீடு இறங்கினால் பாலைவனமா? அவசரப்படக் கூடாது. பெரிய தலைவலி மழை. ஒரு வருடம் மழை பொய்த்துக் காய்ந்தால் அது வெறும் வறட்சி. ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதி 1970, 80களில் அப்படிக் காய்ந்தபோது, சஹாரா விழுங்குகிறது என்றே பயந்தார்கள். மழை திரும்பியதும் பல இடங்கள் மறுபடி பச்சையாயின. அதனால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் சேர்த்துவைத்த படங்களை மழைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். நல்ல மழை பெய்தும் பச்சை வராத இடம்தான் சந்தேகத்துக்குரியது.

அப்புறம், பச்சை கூடினாலே நிலம் தேறிவிட்டது என்றும் நம்ப முடியாது. மேய்ச்சல் புல் போய், ஆடுமாடு தொடாத முட்புதர் மண்டினாலும் குறியீடு ஏறும். அதை நேரில் போய்ப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள்.