லண்டன் – நியூயார்க்: போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம். ஏன்?

தூரம் மாறுவதில்லை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 5,540 கி.மீ. இதைத் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாக வரும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அயர்லாந்து மேலாகப் போய், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கமாகத் தெற்கே இறங்கும். அதுதான் குறுக்கு வழி.

மாறுவது காற்று. பூமி சுழல்வதால் ஊர் நகர்ந்துவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. அந்த விளக்கம் சரியென்றால் மேற்கே போகும்போதுதான் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். நடப்பது நேர் எதிர். விமானம் பறக்கும் உயரத்தில் வட அட்லாண்டிக் மேல் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாமல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 5,540 கி.மீ. கடக்க 6 மணி 9 நிமிடம். வழி நெடுக சராசரியாக மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொண்டால், பின்னால் தள்ளும்போது 5 மணி 32 நிமிடம், எதிர்க்கும்போது 6 மணி 55 நிமிடம். லாபம் 37 நிமிடம், நஷ்டம் 46. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் இரண்டும் சரிக்குச் சரி ஆவதில்லை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, ஹீத்ரோ மேல் வட்டமடித்துக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் 8, 7 என்று வருகிறது.

எதிர்காற்றைத் தவிர்க்க மேற்கே போகும் விமானங்கள் பல நாள் குறுக்கு வழியை விட்டுவிட்டு, வடக்கே கிரீன்லாந்துப் பக்கம் சுற்றிப் போகும். கி.மீ. கூடும், நேரம் குறையும். அன்றன்றைய காற்றைப் பார்த்து மேற்குத் திசைத் தடங்களை பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், கிழக்குத் திசைத் தடங்களை கனடாவின் கேண்டர் மையமும் வகுக்கின்றன.

காற்று என்ன செய்யும் என்பதற்கு 2020 பிப்ரவரியே சாட்சி. கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. தரையைப் பொறுத்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை மிஞ்சவில்லை. சுற்றியிருந்த காற்றே அதோடு ஓடிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானத்தின் சாதனை, இதே வழியில், 1996 பிப்ரவரி 7 அன்று, 2 மணி 52 நிமிடம் 59 விநாடி.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம், சேரும் நேரம் என்று போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் 5 மணி நேரம் முன்னால். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பினால் நியூயார்க் சேரும்போது அங்கே பகல் 2 மணி. அங்கே இரவு 9-க்குக் கிளம்பினால் லண்டனில் மறுநாள் காலை 9. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் கடைசி ஞாயிறு வரையும், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரையும் வித்தியாசம் 4 மணி நேரம்தான், ஏனென்றால் இரு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு நாளில் மாற்றுகின்றன. அழைத்துப் போக வருபவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

நியூயார்க்கில் இறங்கி வேறு ஊருக்கு விமானம் மாறுவதென்றால் இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். குறைந்தது 3 மணி நேரம் இடைவெளி வையுங்கள். அடுத்த விமானம் நெவார்க் விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறதா என்றும் பாருங்கள்; அது நகரத்தின் மறுபக்கம், ஜே.எஃப்.கே.யிலிருந்து சாலை வழியாகவோ ரயில் மாறியோ போக வேண்டும். அதற்கு 3 மணி நேரம் போதாது.