கேட்க ஓர் ஆள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். அமெரிக்கா வந்து அரிசோனா மாநிலம் பீனிக்ஸில் ஒன்பது வருடம் ஐசியு நர்ஸாக இருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிற நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்து, குடும்ப மருத்துவத்துக்கான தேர்விலும் தேறினேன். அந்தச் சமயம் பார்த்து கணவருக்கு டெக்சாஸில் இருக்கும் டல்லாஸுக்கு மாற்றல். ஐந்து மாதமாக விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். இப்போது, முன்பதிவு இல்லாமல் வருகிறவர்களைப் பார்க்கும் ஓர் அர்ஜென்ட் கேர் கிளினிக்கிலிருந்து வேலை வந்திருக்கிறது. நல்ல சம்பளம். இரண்டு நாள் பயிற்சி, பிறகு நான் மட்டும்தான். டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார், போனில் பேசலாம். ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது பேர் வரை வருவார்களாம். சேரலாமா? அல்லது டாக்டரேட் படிக்கட்டுமா? அரிசோனாவிலேயே இருந்திருக்கலாம் என்று கணவரிடம் தினமும் சண்டை. என் உச்சரிப்புதான் காரணமோ என்றும் தோன்றுகிறது. அனுபவமே இல்லாதவள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் படுகிறது.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

டாக்டரேட் இப்போது வேண்டாம். வேலை கிடைக்காத கவலையில் சேரும் படிப்பு கடனைத்தான் கூட்டும். உச்சரிப்பு பற்றி எழுதியதை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடம் அந்த உச்சரிப்பை வைத்துக்கொண்டுதான் நடுராத்திரியில் டாக்டர்களை எழுப்பி உயிர்களைக் காப்பாற்றினீர்கள். கணவரோடு சண்டை உங்கள் வீட்டு விஷயம். ஆனால் அவரால் வேலை கிடைக்காமல் போய்விடவில்லை.

மாநிலம் மாறினால் இந்தத் தொழிலின் சட்டமே மாறிவிடுகிறது. நர்ஸ் வேலைக்கான உங்கள் ஆர்.என். உரிமம் இரண்டு மாநிலங்களும் சேர்ந்திருக்கிற கூட்டு ஒப்பந்தத்துக்குள் வரும். நர்ஸ் பிராக்டிஷனர் உரிமம் அதில் வராது, டெக்சாஸில் தனியாக வாங்க வேண்டும். அரிசோனாவில் உரிமம் வாங்கிய பிறகு எந்த டாக்டருடைய கையெழுத்தும் இல்லாமல் மருந்து எழுதலாம். டெக்சாஸில் ஒரு டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், மாதாமாதம் இருவரும் பேச வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகள், சிகிச்சைக்குப் பணம் தரும் தங்கள் பட்டியலில் உங்களைச் சேர்ப்பதற்கு மூன்று மாதம், நான்கு மாதம் ஆவதெல்லாம் சாதாரணம். அதுவரை உங்களுக்குச் சம்பளம் கொடுத்துக் காத்திருக்க யோசிப்பவர்கள்தான் ‘இரண்டு வருட அனுபவம்’ என்று போடுகிறார்கள். இதில் உங்கள் குறை எங்கே இருக்கிறது?

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. ‘டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார்’ என்று ஒரு வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அதை வாசித்ததும் மனது பதறிவிட்டது.

போன வருடம் ஹூஸ்டனில் என் பெரியக்காவை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எழுபத்தைந்து வயது, முப்பது வருடச் சர்க்கரை. பார்த்தவர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது என்று அவரே சொன்னார். அக்காவின் காலுறையைத் தானே கழற்றினார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடுவது தெரிந்தால் ‘ம்’ சொல்ல வேண்டும். குதிகாலில் ‘ம்’ வந்தது. பெருவிரலின் அடியில் தொட்டபோது அக்கா சும்மா இருந்தாள். இழை வளைகிற அளவுக்கு அழுத்தியும் சும்மாவே இருந்தாள்.

பிறகு புறங்காலில் நாடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, “எனக்கு நாடி பிடிபடவில்லை, டாக்டரைக் கூட்டி வருகிறேன்” என்று எழுந்து போனார். அக்கா பயந்துவிட்டாள். “ஏலே, இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல போலுக்கே” என்றாள். ஒரு நிமிடத்தில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்தார். நாடியை அவர் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களைப் பிடித்து, பெருவிரல் தசைநாணுக்கு வெளிப்பக்கமாக ஒரு நூல் தள்ளி வைத்து, அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார். பெண்ணின் முகம் மாறியது. கிடைத்துவிட்டது. அந்த அம்மாள் அக்காவிடம் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாடி பார்ப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. நான் சொல்ல வருவது அந்த ஒரு நிமிடத்தை. ஐசியுவில் அடுத்த படுக்கையருகே எப்போதும் ஒரு சிஸ்டர் நின்றிருப்பார், சத்தம் போட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். கிளினிக்கில் கதவைச் சாத்திய அறையில், கால் மணி நேரத்தில், இது வெறும் வாயுவா மாரடைப்பா என்று நீங்கள் ஒருவரே முடிவெடுக்க வேண்டும். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது, பார்த்தேயிராத ஒரு டாக்டருக்கு எத்தனை தடவை போன் போடுவீர்கள்? முதல் நாள் ஐந்து தடவை. இரண்டாம் வாரம் தயங்குவீர்கள். மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவீர்கள். டாக்டர் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்லவில்லை, அந்த கிளினிக் செய்வது சட்டப்படி சரிதான். அதற்காகப் புதிதாக வருகிற ஒருவரை அங்கே தனியாக உட்கார வைப்பது நியாயமாகிவிடுமா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்தத் தொழில் தொடங்கியது 1965இல், கொலராடோ பல்கலைக்கழகத்தில். லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப்பார்க்காத ஊர்களில் குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர் ஃபோர்டு. தனியாக நிற்கும் துணிச்சல் அவருக்கு இல்லாமலா? ஆனாலும் இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொடுத்தார்கள். 2007இல் கனெக்டிகட்டில் ஒரு சமூக நல மருத்துவ மையம், புதிதாக முடித்து வருகிறவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சிப் பணியைத் தொடங்கியது. முடித்த கையோடு அவர்களைத் தனியே விடக்கூடாது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. இன்று அதுபோன்ற இடங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. சம்பளம் குறைவுதான். அதைப் பார்க்காதீர்கள்.

‘அனுபவமே இல்லாதவள்’ என்று இன்னொரு தடவை எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உங்கள் ரெஸ்யூமேயில் அந்த ஒன்பது வருடத்தை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்? கடைசியில் ஒரே வரியாகத்தான் இருக்கும். முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வென்டிலேட்டர், செப்சிஸ், நள்ளிரவில் குடும்பத்தாரிடம் பேசியது எல்லாவற்றையும் எழுதுங்கள். இணையத்தில் விண்ணப்பம் போடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, மத்திய அரசு நிதியில் நடக்கும் சமூக நல மருத்துவ மையங்களுக்கு நேரில் போங்கள். பார்க்லாண்ட் மருத்துவமனைக்கும் டல்லாஸில் சமூக கிளினிக்குகள் இருக்கின்றன. டெக்சாஸ் நர்ஸ் பிராக்டிஷனர்கள் சங்கத்தில் சேருங்கள். டல்லாஸை ஒட்டிய பிளேனோ, இர்விங் பக்கம் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் தமிழில் ‘எங்கே வலிக்குது’ என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும் என்று நினைக்கிற டாக்டர் ஒருவராவது இருப்பார். கைச்செலவுக்கு வேண்டுமானால் அதுவரை வாரம் இரண்டு நாள் ஐசியு வேலைக்குப் போங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அந்த அர்ஜென்ட் கேர்காரர்களுக்கும் இன்றே எழுதுங்கள். முதல் மூன்று மாதம் டாக்டரோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ கூடவே இருப்பார்களா? முதல் மாதம் ஒரு நாளைக்கு எத்தனை பேரை அனுப்புவார்கள்? நீங்கள் வேலையை விட்ட பிறகு வரும் வழக்குக்கான காப்பீட்டை யார் கட்டுவது? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.